மலையை வெட்டும் வரிசை

மலைச் சரிவில் கட்டட வேலை வானம் தோண்டுவதில் தொடங்குவதில்லை. முதலில் சரிவை வெட்டித் தட்டு எடுக்க வேண்டும். வெட்டிய முகம் சரியாமல் நிற்கத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். அதன் பிறகே கட்டடம். போடிநாயக்கனூருக்கு மேற்கே முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து கேரளத்துக்குள் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என விரியும் ஏலமலையில் வீடானாலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரானாலும், தங்கும் விடுதியானாலும் வேலையின் வரிசை இதுதான். போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்துக் கொத்தனார்களும் நிமிந்தாள்களும் சித்தாள்களும் கம்பி கட்டுபவர்களும் காலையில் ஏறிப் பொழுது சாய இறங்கி இந்த வேலைகளைச் செய்கிறார்கள். சமவெளிக் கட்டுமானத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுவது. மலையில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது: வெட்டிய மண் சரிந்து ஆள் புதைவது.

ஏலமலையின் அடியில் கிடப்பது கடினப் பாறை. அதன் மேல் காலங்காலமாக மழையில் இற்றுப்போன மண் போர்வையாகப் படிந்திருக்கிறது. ஏலச்செடிக்கு உகந்த மண் அது, சுவருக்கு உகந்ததல்ல. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும், மேற்கொண்டு இறங்க வழியின்றி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே சரிவை நோக்கி நகர்கிறது. சரிவின் அடியை வெட்டி எடுத்துவிட்டால், மேலே உள்ள மண்ணைத் தாங்க எதுவும் இல்லை. இதில் பருவமும் சேர்கிறது. கேரளப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. போடிப் பக்கம் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்டில் போடியில் வறண்ட காற்றில் ஜீப் ஏறுகிறவர், மெட்டைக் கடந்ததும் வாரக்கணக்கில் ஊறிய மண்ணின் கீழே நின்று வேலை பார்க்கிறார். ஊரில் மழை இல்லை என்பது வேலையிடத்து மண்ணைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

தடுப்புச் சுவர் எழும் இடத்தை அருகில் நின்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். வெட்டிய மண்முகம் 2 ஆள் உயரம். அதற்கும் சுவருக்காகக் கட்டிய கம்பிக் கூட்டுக்கும் இடையே ஒருவர் குந்தி உட்காரும் அகலம்தான். கம்பி கட்டுபவர் மண்ணுக்கு முதுகைக் காட்டியபடி கொக்கியால் கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் தலைக்கு நேர் மேலே, வெட்டின் விளிம்பில், தோண்டியெடுத்த மண் குவிந்திருக்கிறது. அதை அள்ளிப் போக டிப்பர் இன்னும் வரவில்லை. அறுபட்ட வேர்கள் முகத்தில் தொங்குகின்றன. முழங்கால் உயரத்தில் ஒரு கோடாக ஈரம் கசிகிறது. ஏணி இந்தக் கடைசியில் ஒன்று மட்டும் இருக்கிறது. ஆளோ அந்தக் கடைசியில் இருக்கிறார். அவர் தலையில் ஹெல்மெட்டும் இருக்கிறது. மேலிருந்து உருளும் சிறு கல்லை ஹெல்மெட் தாங்கும். சரியும் மண்ணுக்கு முன்னால் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் முதல் 2 டன் வரை எடை இருக்கும்; மழையில் ஊறினால் கூடும். மார்பு வரை புதைந்தாலே போதும், தலை வெளியே இருந்தும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. இதனால்தான் தோண்டும் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான வானத்துக்குப் பலகையும் முட்டும் கொடுக்கச் சொல்கிறது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டச் சொல்கிறது. மலையில் இடம் குறைவு என்பதால் இந்த 2 விதிகளுமே முதலில் மீறப்படுகின்றன. பள்ளமான பக்கம் அடுத்தவர் தோட்டம். மேட்டுப் பக்கம் மண்ணைக் கொட்டுவதுதான் செலவில்லாத வழி.

இதன் விளைவு பல முறை வெளிப்பட்டிருக்கிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் மூணாறு முதல் போடிமெட்டு வரை சுமார் 42 கி.மீ. சாலையை அகலப்படுத்தும் பணி 2017இல் தொடங்கியது. தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோடு பகுதியில் பாறையைக் குடைந்து வெட்டியபோது மலை மீண்டும் மீண்டும் சரிந்தது. 2019 அக்டோபரில் அங்கே வேலையில் இருந்தவர்களே சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள். மண் அள்ளும் இயந்திரங்களோடு வந்த தமிழகத் தொழிலாளர்கள் அவர்கள். 2025 செப்டம்பரில் மூணாறுக்கு அருகே சித்திராபுரத்தில் ஒரு விடுதிக்காகத் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்த 2 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். முதலாவது அரசின் பெரிய திட்டம்; மற்றது தனியாரின் சிறிய வேலை. இரண்டிலும் ஆள் நின்ற இடம் ஒன்றே: வெட்டி முடித்த, இன்னும் தாங்கு இல்லாத முகத்தின் அடி.

ஆகவே மலைக் கட்டுமானத்தில் பாதுகாப்பு என்பது முதன்மையாக வெட்டும் வரிசையைப் பற்றிய முடிவு. அந்த முடிவை எடுப்பவர் கொத்தனார் அல்லர், நிலத்துக்காரரும் ஒப்பந்தக்காரரும். ஜேசிபி மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. மேலே ஏற்றிக் கொண்டுவந்த வண்டியை ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் வெட்டச் சொல்லி அனுப்பிவிட்டால் வாடகை மிச்சம். வண்டி போய்விடுகிறது, முகம் வாரக்கணக்கில் அம்மணமாக நிற்கிறது, சுவர் கட்டுபவர்கள் அதன் கீழே வேலை பார்க்கிறார்கள். ஜேசிபி வாடகையில் மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய்தான் இந்த மலையின் மிக ஆபத்தான சிக்கனம்.

சரியான முறை கடினமானதல்ல. மேலிருந்து கீழாகப் படிப்படியாக வெட்ட வேண்டும்; அடியைக் குடையக் கூடாது. முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் 3 அல்லது 4 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிச் சுவர் எழுப்பி, அது இறுகிய பின் இடையில் விட்ட துண்டுகளைத் திறக்க வேண்டும். வெட்டாமல் விட்ட மண்ணே பக்கத்துத் துண்டுக்கு முட்டாக நிற்கும். ஜேசிபியை 2 அல்லது 3 முறை வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் கூடுதல் செலவு. வெட்டும் வேலையை மழை குறைந்த மாதங்களில் முடித்துவிட வேண்டும். முகத்துக்கு மேலே, விளிம்பிலிருந்து தள்ளி, மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலை முதல் மண் வெட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விடப்படுவதும் இந்த வாய்க்கால்தான்.

மண் சரிவதற்கு முன் பல நேரம் அறிகுறி காட்டும். விளிம்புக்குப் பின்னால் தரையில் நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது வேலிக்கல், காரணமில்லாமல் உதிரும் சிறு கற்கள், தெளிவாகக் கசிந்த நீர் கலங்கலாக மாறுவது. கீழே முதுகைக் காட்டி வேலை செய்பவர் இவற்றில் எதையும் பார்க்க முடியாது. மேலே ஒருவரை நிறுத்தி, முகத்தைப் பார்ப்பதை மட்டுமே அவர் வேலையாக்க வேண்டும். அவர் விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் வெளியேற வேண்டும் என்பதும் முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். ஒரு ஆள் சம்பளம் சும்மா போகிறது என்று நினைக்கிற இடத்தில் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூட நிலைக்காது.

சுவரும் பின்னாளில் ஆளைக் கொல்லக்கூடும். கருங்கல் சுவருக்கு அடி அகலம் பொதுவாக உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் களிமண்ணை அடைக்காமல் கல்லும் ஜல்லியும் நிரப்பி, நீர் வடியக் குழாய்த் துளைகள் விட வேண்டும். துளை அடைபட்ட சுவர் மண்ணோடு தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகி வயிறு தள்ளும். அப்படித் தள்ளிய சுவரின் கீழே தொழிலாளர் கொட்டகை போடுவது மலையில் சாதாரணமாகக் காணும் காட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அது கட்டுமான விபத்தல்ல. ஆனாலும் உழைப்பவர் தூங்கும் இடத்தையும் வேலையிடத்தைப் போலவே சரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அது கொடூரமாகக் காட்டியது.

சாரத்திலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கக் கால் குட்டை, மறுபக்கக் கால் நெட்டை. நெட்டைக் கால் நிரவிப் போட்ட புதுமண்ணில் ஊன்றப்படுகிறது. முதல் மழையிலேயே இறங்குகிறது. ஊன்றும் இடத்தில் மண்ணைத் தட்டாக்கிப் பலகை வைப்பது, குறுக்குச் சட்டம் கட்டுவது, நிற்கும் பலகைகளை முழு அகலத்துக்கும் பரப்பிக் கட்டுவது, இடுப்புயரத்தில் தடுப்புக் கம்பு கொடுப்பது ஆகிய நான்கும் போதும். பாதுகாப்புப் பெல்ட்டை மாட்டும் கொக்கி கட்டடத்தில் உறுதியான இடத்தில் இருக்க வேண்டும்; சாரத்திலேயே மாட்டினால் சாரம் சாயும்போது ஆளும் சேர்ந்து விழுவார். பனி ஈரத்தில் மின்சாரமும் அபாயம். மிக்சர் இயந்திரத்துக்கும் வெட்டும் கருவிக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் மின் இணைப்புக் கொடுக்கக் கூடாது.

புதைந்தவரை மீட்பதில் அவசரமே பல உயிர்களைப் பறிக்கிறது. முதல் சரிவுக்குப் பின் இரண்டாவது சரிவு வரும் என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும். ஜேசிபி வாளியை ஆள் இருக்கும் இடத்தில் இறக்கக் கூடாது. தூர மண்ணை இயந்திரம் அகற்றலாம். உடலைச் சுற்றிக் கையும் மண்வெட்டியும்தான். முகத்தையும் மார்பையும் முதலில் விடுவிக்க வேண்டும். கயிறு கட்டி இழுப்பது எலும்பையும் நரம்பையும் முறித்துவிடும். அதன் பிறகு தூரம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் அடிமாலி, கோட்டயம் பக்கம் போக வேண்டும். இல்லையெனில் மெட்டிறங்கிப் போடி வழியாகத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும். எந்தத் திசை என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தீர்மானித்து, ஒரு வண்டியைப் பணியிடத்தில் நிறுத்தி வைப்பது நல்ல மேஸ்திரியின் அடையாளம்.

வேலைக்குப் போகும் வழியும் வேலையின் ஆபத்தே. விடியுமுன் புறப்படும் ஜீப்புகளில் ஏலம் எடுக்கப் போகும் பெண்களும் கட்டட வேலைக்காரர்களும் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். பின்னால் தொங்கிக்கொண்டு போவதும் உண்டு. கான்கிரீட் போடும் நாளில் திரும்ப இரவாகிவிடும். மூடுபனியில் களைத்த ஓட்டுநர் வளைவுகளில் இறங்குகிறார். வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. போடி ஜீப்புகளில் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு அண்மையில் வந்ததில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1994இல், நல வாரியம் அமைந்துவிட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடவில்லை. சொந்த வீட்டுக்குச் செலவு 10 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டாலும் விலக்கு. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 10 பேர் என்ற எல்லையை வைத்திருக்கிறது. வீட்டுக்கான வரம்பையோ உயர்த்திவிட்டது. ஏலமலையில் ஒரு தடுப்புச் சுவருக்கு வருவது பெரும்பாலும் 5 முதல் 8 பேர் கொண்ட குழு. மிக ஆபத்தான வேலை, ஆய்வாளர் பார்க்கக் கடமைப்படாத வேலையாக இருக்கிறது. தலை எண்ணிக்கையை விட்டு, ஒன்றரை மீட்டருக்கு மேல் வெட்டு என்றால் கட்டாயம் அறிவிப்பும் பொறியாளர் கையெழுத்தும் வேண்டும் என வெட்டின் உயரத்தை அளவுகோலாக்குவதே இந்த மலைக்குப் பொருந்தும்.

விபத்துக்குப் பின் குடும்பம் நிற்கும் இடம் இன்னும் சிக்கலானது. உயிர் போனது இடுக்கி மாவட்டத்தில். வீடு தேனி மாவட்டத்தில். வழக்குப் பதிவுகள் பெரும்பாலும் மலையாளத்தில். இந்தக் குழப்பத்தில் ஒப்பந்தக்காரர் அடக்கச் செலவோடு ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது வழக்கம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி அந்தத் தாள் செல்லாததாக இருந்தது. மரணத்துக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். குடும்பத்திடம் நேரில் கொடுத்ததை இழப்பீடாகக் கணக்கிட அது இடம் தரவில்லை. முன்பணமாக 3 மாதக் கூலி வரை கொடுத்தது மட்டுமே கழிக்கப்பட்டது. மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2020 முதல் அந்தச் சட்டத்தின் கீழ் கணக்கில் கொண்ட கூலியின் உச்சம் 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98, ஆகவே 15,59,850 ரூபாய். 40 வயதுக்கு 184.17, ஆகவே 13,81,275 ரூபாய். கையில் திணிக்கப்படும் பணத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் இருந்தன. விடுதி, எஸ்டேட் போன்று தொழிலுக்காகக் கட்டுபவர், ஒப்பந்தக்காரரைக் காட்டி நழுவ முடியாது. மூல உரிமையாளர் என்ற முறையில் அவரும் பொறுப்பு.

மனு போட மலையேற வேண்டியதுமில்லை. விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடம் கொடுப்பதைப் போலவே, குடும்பம் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமும் கொடுக்க அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு இடமளித்தது. தேனி மாவட்டத்துப் பெண் தமிழில் எழுதித் தன் பக்கத்திலேயே வழக்கை நடத்தலாம். இதற்கு வேண்டியது இறந்தவர் அந்த இடத்தில், அந்தக் கூலிக்கு வேலை செய்தார் என்பதற்கான சான்று. மஸ்டர் ரோல் எழுதாத சிறு வேலைகளில் அதுதான் கிடைப்பதில்லை. கூலியை வங்கிக் கணக்கிலோ கைபேசி வழியாகவோ வாங்குவது, மேஸ்திரியின் வருகைக் குறிப்பேட்டில் தினமும் பெயரும் இடமும் எழுதுவது, உடன் சென்றவர்கள் சாட்சி சொல்வது, முதல் தகவல் அறிக்கையில் வேலையிடத்தின் பெயரும் நிலத்துக்காரர் பெயரும் பதிவாவதைக் கவனிப்பது ஆகியவை அந்தச் சான்றாகும்.