அம்மா ஏற முடிகிற ஃபோர் வீல்



கொஞ்ச நாளாகவே கோயிலுக்கு வருபவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி, அது ஃபோர் வீலா? நானும் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எது நல்லா இருக்கும்?" அன்னதான வரிசையில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னால் கையில் இருக்கிற சாம்பார் வாளி ஆறிப்போகுது. போன வெள்ளிக்கிழமை சமையல்கட்டு அக்கா திட்டியே விட்டாங்க. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

நம் பாதை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெயின் ரோட்டிலிருந்து தோட்ட ஆபீஸ் வரைக்கும் தார். அதற்கு அப்புறம் சுமார் 3 கிலோமீட்டர் செம்மண். நடுவில் ஓடை. பாலம் கிடையாது, சிமெண்டுக் குழாய் போட்டு மேலே மண் கொட்டியிருக்காங்க. பெருமழை பெய்தால் தண்ணீர் அதற்கு மேலே ஏறி ஓடும். ஓடையைத் தாண்டியதும் ஏற்றம். செம்பனைக் குலை ஏற்றுகிற டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் ஆழமான தடம். வெயில் காலத்தில் மைவி கூட சிரித்துக்கொண்டே ஏறும். மழை பெய்த அன்றைக்கு அது வேற பாதை.

2023 திருக்கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. மதியமே மழை பிடித்து, ஆறு மணிக்குத்தான் விட்டது. ரவாங்கிலிருந்து எங்கள் ஆல்சாவில் ஆறு பேர்: அம்மா, நான், மனைவி, மூன்று பிள்ளைகள். பின்னால் அகல் விளக்குப் பெட்டி, ரெண்டு டின் நல்லெண்ணெய், பொரி உருண்டை. ஓடையைத் தாண்டிவிட்டோம். ஏற்றத்தில் பாதி வந்ததும் முன்சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. ஆல்சா முன்சக்கரத்தால் இழுக்கிற வண்டி. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் போய்விடும், முன்சக்கரத்துக்குப் பிடி இருக்காது. இந்த விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் மிதிக்க மிதிக்க வண்டி பக்கவாட்டில் நழுவி டிராக்டர் தடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நானும் மூத்தவனும் இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. அப்போதுதான் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா இறங்கிட்டாங்க. "நான் இறங்கினா பாரம் குறையும்ல?" 74 வயசு, ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். இதே ஏற்றத்தில் இருபது வருஷம் விடியறதுக்கு முன்னே பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவங்க. அப்போது இதெல்லாம் ரப்பர் மரம். "இந்த மண்ணு எனக்குத் தெரியும்டா"ன்னு சொல்லிக்கொண்டே ரெண்டு அடி வைத்தாங்க. மூன்றாவது அடியில் செருப்பு சேற்றுக்குள் போனது. அடுத்த அடியில் அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்தாங்க. விழவில்லையாம், உட்கார்ந்தாங்களாம். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்றாங்க.

நம் தொண்டர் தம்பிகள் கோயிலிலிருந்து ஓடி வந்து கயிறு கட்டி இழுத்தாங்க. அவங்களுக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, இங்கே சொல்லிக்கிறேன். விளக்கு ஏற்றினோம், பூஜை பார்த்தோம், வீட்டுக்கு வந்தோம். அம்மா முழங்கால் ரெண்டு வாரம் வீங்கியிருந்தது. வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மார்கழி பிறந்ததும் சொன்னாங்க: "இனிமே நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கும் சேர்த்து கும்பிட்டுக்குங்க."

அம்மாவுக்குத் தாலி ஏறியது அந்தச் சன்னிதியில். எனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதும் அங்கேதான். அவங்களை வீட்டில் விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு விபூதித் தட்டு தூக்குவது?

ஃபோர் வீல் என்று முடிவானதும், உண்மையைச் சொல்கிறேன், என் மனசு ஓடியது பெரிய டயர் போட்டு உயர்த்திக் கட்டிய பிக்கப் பக்கம்தான். பின்தட்டில் அரிசி மூட்டை, வாழை மரம், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றலாம். தலைவருக்கும் ரொம்ப சந்தோஷம். வீட்டில் ஒரே ஒரு கேள்வி வந்தது. "நாம ஆறு பேர். அதுல அஞ்சு சீட்டு. ஆறாவது ஆள் யாருங்க?" நான் பின்தட்டைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாங்க. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. திருவிழா நேரத்தில் பிள்ளைகளைப் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நானும் ஏற்றியிருக்கிறேன். சட்டப்படி குற்றம், அதைவிட ஒரு குழியில் சக்கரம் விழுந்தால் பிள்ளை வெளியே. வேண்டாங்க.

அதற்கப்புறம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், சனிக்கிழமைகளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வண்டி வண்டியாக ஏற்றிப் பார்த்ததுதான். புத்தகத்தில் போட்டிருக்கிற குதிரைத் திறன் எல்லாம் அப்புறம். அம்மா கால் படியில் எட்டுதா, பிடிக்கக் கைப்பிடி இருக்கா, உட்கார்ந்தால் முதுகு நிற்குதா.

நண்பரின் ஜிம்னி. மலையேற அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, சின்னது, லேசானது. ஆனால் அது மூன்று கதவு மாடல், நாலே சீட்டு. பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கிவிட்டு நுழையணும். அம்மா பார்த்துவிட்டு "இதுக்குள்ள ஆடுதான் ஏறும்"னு சொல்லிட்டாங்க. பின்சீட்டில் ஆள் இருந்தால் சாமான் இடம் 85 லிட்டர்தான், ஒரு பூமாலைக் கூடை வைக்கலாம்.

அண்ணனுடைய ஹைலக்ஸ். ஓட்டும்போது முன்னால் நமக்கு ராஜா மாதிரி இருக்கும். பின்சீட்டில் முதுகு நிமிர்ந்தே இருக்கணும், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், பாரம் இல்லாமல் போனால் தூக்கித் தூக்கிப் போடும். அந்த ஸ்பிரிங் மூட்டை சுமக்கப் போட்டது, பாட்டி சுமக்க இல்லை. கேமரன்மலைக் காய்கறித் தோட்டங்களில் ஓடுகிற பழைய லேண்ட் ரோவர் ஒன்றை எடுத்துச் சீர் பண்ணலாம் என்று ஒரு நண்பர் ஆசை காட்டினார். முட்டைக்கோஸ் முதுகு வலிக்குதுன்னு சொல்லாது, அம்மா சொல்வாங்க.

மாமா ஒருவர் தன் கெம்பாராவைத் தருகிறேன் என்றார். பெரோடுவா 1998-ல் கொண்டுவந்த வண்டி, நாலு சக்கரமும் எப்போதும் ஓடும். நம்ம ஆளுங்க அதை மறந்தது எனக்கு வருத்தம்தான். கையில் காசு குறைவு, நாலு பேர் குடும்பம், பாதை கொஞ்சம் மோசம் என்றால் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் பாருங்கள். ஆனால் வயசான வண்டி, துரு பார்க்கணும். என் கடைக்குட்டிக்குக் குழந்தை இருக்கை கட்டணும், 2020 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். ஐசோஃபிக்ஸ் கொக்கி அதில் இல்லை. ஆறு பேருக்கு இடமும் இல்லை.

என்னை ரொம்பக் குழப்பியது ஆபீஸ் நண்பரின் ஃபாரஸ்டர். அம்மா சிரமமே இல்லாமல் ஏறி உட்கார்ந்தாங்க. அடிவயிற்று உயரம் 220 மில்லிமீட்டர். கடைசியில் நான் வாங்கிய பஜேரோ ஸ்போர்ட்டுக்கு 218! சொன்னால் நம்ப மாட்டீங்க, பார்த்தால் இது மாடி வீடு மாதிரி இருக்கும். நாலு சக்கரமும் ஓடும், நெடுஞ்சாலையில் கார் மாதிரி அமைதி. அஞ்சு பேர் வரைக்கும் உள்ள குடும்பம், நம் கோயில் பாதைக்குத்தான் வண்டி வேணும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த மாதிரி வண்டியைத்தான் சொல்வேன். பிக்கப் வாங்கணும்னு அவசியமே இல்லை. அதில் இல்லாதது ஃபோர் எல் என்கிற தாழ்ந்த கியர். ஆறு பேரும் அரிசி மூட்டையுமாக அந்த ஏற்றத்தில் நின்று கிளம்ப, அதைவிட முக்கியமாக இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் பிடியிலேயே ஊர்ந்து இறங்க, அது வேணும். ஈரச் செம்மண்ணில் பிரேக் மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

அப்படித்தான் பிக்கப் சட்டத்தின்மேல் கட்டிய ஏழு சீட்டு வண்டிக்கு வந்தேன். டொயோட்டாவில் ஃபார்ச்சூனர், மிட்சுபிஷியில் பஜேரோ ஸ்போர்ட். ரெண்டிலும் பின்னால் சுருள் ஸ்பிரிங். அடியில் ஹைலக்ஸும் டிரைட்டனும்தான், மேலே குடும்பம். மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்குத்தான். என் மூத்தவன் முழங்காலை மோவாயில் வைத்துக்கொண்டு வருகிறான், தினமும் புகார். பஜேரோ ஸ்போர்ட்டில் எனக்குப் பிடித்தது சூப்பர் செலக்ட். சாதாரண பிக்கப்பில் ஃபோர் எச் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓட்டினால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொண்டு கெட்டுப்போகும். இதில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் மழையில் நெடுஞ்சாலையிலும் ஃபோர் எச் போட்டு ஓட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ரெண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ரெண்டு சக்கரம் மட்டும் ஓடுகிற மாடலும் உண்டு. சுவிட்சைக் கண்ணால் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, மண் தரையில் ஃபோர் எல் போட்டு ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியின் சொந்தக்காரர் அஞ்சு வருஷத்தில் ஒரு தடவை கூட அதைப் போட்டதில்லை. போட்டபோது விளக்கு மட்டும் மின்னியது, கியர் விழவில்லை. இன்னொன்று, வெள்ள வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், தண்ணீர்க் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்பில் துரு, கம்பளத்துக்கு அடியில் வண்டல். நல்ல ஒர்க்‌ஷாப் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. நான் முன்பணம் கட்டி ரெண்டு வாரம் ஆகவில்லை, 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. 60 லிட்டர் ஊற்றினால் 129 வெள்ளி ஆகவேண்டிய இடத்தில் 201. அன்றைக்கு ராத்திரி வீட்டில் நான் அதிகம் பேசவில்லை.

டயருக்கு எல்லாரும் எம்டி போடச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஏடி டயர் போட்டேன். எம்டி சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நம் வண்டி பெரும்பாலான நேரம் ஓடுவது தாரில். அங்கே அது இரைச்சல், மழையில் பிடியும் குறைவு. உயர்த்திக் கட்டவும் இல்லை. ஜேபிஜே அனுமதி வாங்கி அலைவது ஒரு பக்கம், உயர்த்திய ஒவ்வொரு அங்குலமும் அம்மாவின் முழங்கால் கணக்கில்தான் ஏறும். நான் வாங்கிய ஆஃப்-ரோடு சாமான்களில் அதிகம் உதவுவது ஒரு மடக்கு பிளாஸ்டிக் முக்காலிதான். அதைப் போட்டு, படியில் ஒரு கால், கைப்பிடியைப் பிடித்து ஒரு எக்கு. அம்மா முன்சீட்டில்.

வண்டி பூஜை அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த குருக்கள், "ஃபோர் எல்லா, ஃபோர் எச்சா?"ன்னு கேட்டுச் சிரித்தார். நம் குருக்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் திருக்கார்த்திகை டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. மறுபடியும் மழை. ஓடைக்கு வந்தால் தண்ணீர் மண்ணுக்கு மேலே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அம்மா, "இத்தனை காசு போட்டு வாங்கி, இங்க நிக்கவா?" பஜேரோ ஸ்போர்ட் 700 மில்லிமீட்டர் தண்ணீர் வரைக்கும் போகலாம் என்று போட்டிருக்காங்க. அது நின்ற தண்ணீரில், அடித்தரை தெரிந்தால், மெதுவாகப் போனால். ஓடுகிற தண்ணீர் வேற. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் போனபோது ஃபோர் வீல்களும் தண்ணீரில் செத்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அந்தக் குழாய்க்கு மேலே போட்ட மண் இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று இருட்டில் யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா பொரி உருண்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாங்க, சாமிக்கு முன்னாலேயே. தண்ணீர் வடிந்ததும் இறங்கி ஒரு கம்பால் குத்திப் பார்த்து, ஃபோர் எல் போட்டு, ஒரே சீராக மிதித்துத் தாண்டினோம். ஏற்றத்தில் அந்த இடம் வந்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாங்க. "என் செருப்பு இங்கதான் எங்கயோ இருக்கு"ன்னாங்க.

கோயிலில் தீபம் ஏற்றி முடித்திருந்தார்கள். அம்மாவின் விளக்குக்கு மட்டும் அக்கா ஒரு இடம் விட்டு வைத்திருந்தாங்க.

இனி வேண்டுகோள். கோயில் பாதையில் யார் வண்டி மாட்டினாலும் பின்னால் இருக்கிற டிரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்காதீங்க. அது பிய்த்துக்கொண்டு வந்தால் குண்டு மாதிரி பாயும், ஆளைக் கொன்றிருக்கிறது. இழுப்பதற்கென்று சட்டத்தில் கொக்கி இருக்கும், அதில் மாட்டுங்கள். மற்றவர்கள் தூர நில்லுங்கள். என் வண்டியில் இழுக்கும் பட்டை இருக்கிறது, கேளுங்கள்.

மழை நாளில் சின்ன வண்டியில் வருபவர்கள் தோட்ட ஆபீஸ் பக்கத்தில் நிறுத்திவிட்டு வாட்ஸ்அப் குழுவில் சொல்லுங்கள். நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன், ஒரு நடைக்கு ஆறு பேர். முழங்கால் வலி உள்ள பெரியவங்க இருந்தால் முன்கூட்டியே சொல்லிடுங்க, முன்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வருவேன். முக்காலியும் வண்டியிலேயே இருக்கு.