ஐந்தாவது சக்கரம்

பழைய கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இன்னும் இடம் உண்டா? குர்லாவில் பிறந்த ஃபியட்டும், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் சாலைகளும் தரும் பதில்

மும்பை டாக்ஸி என்றால் கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, அதற்குள் ஒரு பிரிமியர் பத்மினி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அந்தச் சித்திரம் 2023 அக்டோபர் இறுதியில் அழிந்தது. கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29இல். டாக்ஸிக்கு இருபது ஆண்டுதான் ஆயுள் என்பது மும்பை விதி. கெடு முடிந்ததும் பத்மினிகள் டாக்ஸித் தொழிலிலிருந்து முற்றாக விலகின.

ஆனால் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களிடம் பத்மினி இன்னும் இருக்கிறது. மாட்டுங்காவின் மர நிழலில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும் வண்டிகள், செம்பூர் பங்களா வாசல்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் விழிக்கும் வண்டிகள். இவற்றின் உடைமையாளர்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. எப்போதோ ஒருமுறை ஓடும் காரில் ஸ்டெப்னியைச் சுமக்க வேண்டுமா, வேண்டாமா?

கேட்பதற்குச் சில்லறை விஷயம். மழை கொட்டும் இரவில் கிழக்கு விரைவுப் பாதையின் மேல் டயர் படுத்துவிட்டால் அது சில்லறை விஷயமாக இருக்காது.

தெருப் பெயர் சக்கரமானது

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. மோட்டார் கார்களின் ஆரம்ப காலத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வசதி கிடையாது. பஞ்சர் ஆனால் சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரைப் பிரித்து, ட்யூபை ஒட்டித்தான் ஆக வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் இதற்கு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் காற்றடித்துத் தயாராக ஒரு டயர். காற்றுப் போன சக்கரத்தின் பக்கத்திலேயே இதை இறுக்கிப் பிணைத்துவிட்டு வண்டியை ஓட்டலாம். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. பொருளுக்கும் அதையே சூட்டினார்கள்.

பிரிட்டனில் அந்தச் சொல் மறைந்தே போயிற்று. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டாவிலும் பிழைத்துக்கொண்டது. பிரேசிலில் 'எஸ்டெப்பே' ஆனது. தமிழில் அது லாரி ஷெட்டிலிருந்து வீட்டுக் கூடம் வரை வந்து, சமயத்துக்கு உதவும் மாற்று ஆளுக்கும் பெயராகிவிட்டது.

டூரினிலிருந்து குர்லாவுக்கு

சயானில் தொடங்கி தாணே வரை போகும் லால் பகதூர் சாஸ்திரி மார்க், பழைய ஆக்ரா ரோடு. தாராவியின் கிழக்கு விளிம்பிலிருந்து இந்தச் சாலையில் ஏறினால் சீக்கிரமே குர்லா வந்துவிடும். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. முதலில் டாட்ஜ், ப்ளைமவுத், ஃபார்கோ. பிறகு இத்தாலியின் ஃபியட். 1964 முதல் ஃபியட் 1100டி. 1970களின் நடுவில் அதே வண்டி பிரிமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் கியர், முன்னால் பெஞ்சு போல ஒரே இருக்கை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார் அது.

இதே சாலையில் இன்னும் வடக்கே போனால் பாண்டுப். 1958இல் வந்த சியட் டயர் கம்பெனியின் ஆலை அங்கே இருக்கிறது. சியட் என்ற பெயரின் கடைசி எழுத்து டொரினோவைக் குறிக்கிறது; அதாவது ஃபியட்டின் ஊரான டூரின். ஆக, காரும் டயரும் ஒரே இத்தாலிய ஊரில் வேர் விட்டு மும்பையின் ஒரே சாலையில் கிளை விட்டவை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தோடு பத்மினியின் உற்பத்தி நின்றது. டயர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பத்மினிக்கு வேண்டிய 5.20-14 அளவு டயர் இன்று கண்ணில் படும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கிடைக்கும் சரக்கு அல்ல. ஸ்டெப்னி விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

டாக்ஸிக்காரர்களின் கணக்கு

டாக்ஸி ஓட்டியவர்களுக்கு இந்த விவாதமே எழுந்ததில்லை. பஞ்சர் என்றால் சவாரி போச்சு. பயணியை நடுவழியில் இறக்கிவிட்டால் அன்றைய வரும்படியில் துண்டு விழும். பதினைந்து நிமிடத்தில் சக்கரத்தை மாற்றினால் பிழைப்பு ஓடும். இதனால்தான், காஸ் சிலிண்டர் வந்த பிறகும் ஸ்டெப்னி போகவில்லை. இரண்டாயிரத்தின் ஆரம்ப ஆண்டுகளில் மும்பை டாக்ஸிகள் பெட்ரோலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாறின. டிக்கியில் பாதியைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. இடம் பெயர்ந்தவை பயணியின் பெட்டிகள்தான். கூரை மேலிருந்த இரும்புக் காரியரில் அவை ஏறின.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா, இந்தப் பக்கம் தாராவி. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வேரூன்றிய இடம். எதையும் வீணாக்காத ஊர் இது. பிளாஸ்டிக், அட்டை, டின் எல்லாம் இங்கே மறுபிறவி எடுக்கின்றன. டயருக்கும் அப்படித்தான். தேய்ந்தால் ரீட்ரெட். அதுவும் தேய்ந்தால் ஸ்டெப்னி. அதற்கும் லாயக்கில்லை என்றானால், மழைக்காலத்தில் கூரைத் தகரமும் நீலத் தார்ப்பாயும் காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும் பாரம்.

இந்த வரிசையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நல்ல டயர்கள் நான்கும் தரையில், இருப்பதிலேயே மோசமானது டிக்கியில் என்பதே நம் ஊர் வழக்கம். தினமும் ஓடும் டாக்ஸியில் அந்த ஐந்தாவது டயர் அடிக்கடி கீழே இறங்கிவிடும். கோளாறு உடனே தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை வெளியே வரும் காரில் பத்து ஆண்டுகள் ஆனாலும் தெரியாது.

வேண்டாம் என்பவர்களின் வாதம்

ஸ்டெப்னி வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சயான் முதல் செம்பூர் நாகா வரை சாலையோரத்தில் டயரைத் தொங்கவிட்டு, தண்ணீர்த் தொட்டியோடு உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கைபேசியில் கூப்பிட்டால் இழுவை வண்டி வரும். டயரும் ரிம்மும் சேர்ந்து பத்துக் கிலோவுக்கு மேல் கனம். சின்ன டிக்கியில் இடமும் அடைபடும்.

அதைவிட முக்கியமானது மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. குர்லாவும் சயானும் மாட்டுங்காவும் மூழ்கின. சாதாரண மழைக்கே கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் நடக்கிற சங்கதி. பழைய காரின் டிக்கி ரப்பர் பீடிங் வழியாக நீர் உள்ளே புகுந்தால் ஸ்டெப்னியின் அடியில்தான் தேங்கும். சக்கரத்தைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்குத் தகடு ஓட்டையாகும் வரை தெரியாது. ஸ்டெப்னியை வீட்டிலேயே வைத்துவிட்டால் டிக்கி பிழைக்கும் என்பது அவர்கள் கட்சி.

அரசாங்கமே விலக்கு கொடுத்துவிட்டதே என்பார்கள் இன்னும் சிலர். ஆம், 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநர் உட்பட ஒன்பது பேர் வரை அமரும், மூன்றரை டன்னுக்கு மேற்படாத கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். ஆனால் சலுகைக்கு நிபந்தனை உண்டு. டயர் ட்யூப்லெஸ்ஸாக இருக்க வேண்டும்; காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்குச் சொல்லும் கருவி வேண்டும்; பஞ்சரை அடைக்கும் சாதனமும் வண்டியில் இருக்க வேண்டும்.

பத்மினியிடம் இவற்றில் எதுவும் கிடையாது. வித்தியாசம் சாதாரணமானதல்ல. ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ஆணியே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். காற்று மெல்ல இறங்கும். வீடு வரை ஓட்டிவிடலாம். ட்யூப் இருந்தால் ஆணி அதைக் கிழிக்கும். வால்வுத் துளை வழியே காற்று சட்டென்று வெளியேறும். அப்படியே கொஞ்ச தூரம் உருட்டினாலும் ட்யூப் நார் நாராகும். டயரின் பக்கச் சுவரும் போகும். பசை டப்பாவைப் பீச்சி அடைக்கும் வித்தை கிழிந்த ட்யூபிடம் பலிக்காது. பழைய எம்.ஜி., ஜாகுவார் கார்களின் கம்பிச் சக்கரங்களுக்கும் இதே கதிதான். அவையும் ட்யூப் இல்லாமல் ஓடாதவை.

மாறிப்போன சாலைகள்

பஞ்சர் கடை வாதத்தை மும்பையின் புதிய சாலைகளும் பலவீனப்படுத்திவிட்டன. ஒரு காலத்தில் தென் மும்பையிலிருந்து செம்பூருக்கு வருவதென்றால் தாதர், மாட்டுங்கா, சயான் என்று கடைத்தெரு வழியாகவே வர வேண்டும். எங்கே நின்றாலும் உதவிக்கு ஆள் உண்டு. 2013இல் திறந்த 16.8 கிலோமீட்டர் கிழக்கு விரைவுப் பாதை துறைமுகத்தையும் உப்பளங்களையும் ஒட்டி, சுரங்கம் வழியாகச் செம்பூர்ப் பக்கம் கொண்டுவிடுகிறது. வழியில் டீக்கடைகூட இல்லை. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது சிவ்ரியிலிருந்து நாவா ஷேவாவுக்கு 21.8 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல் மேல். லோனாவாலாவுக்கு உல்லாச ஊர்வலம் போகும் பழைய கார்கள் புனே எக்ஸ்பிரஸ் வேயில் மலை ஏற வேண்டும். இங்கெல்லாம் இழுவை வண்டி வந்து சேர்ந்தாலும் பஞ்சர் கடையில் பத்மினி அளவு டயர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உயிருள்ள ஸ்டெப்னி

எனவே சுமப்பதே சரி. ஆனால் சுமப்பது வேலைக்கு ஆகும் சக்கரமாக இருக்க வேண்டும். முதலில் வயது. 2000க்குப் பிறகு தயாரான டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றோடு வினைபுரிந்து இறுகி வெடிக்கும். மும்பையின் வெயில் அதை விரைவுபடுத்தும். பத்து ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் தேயாமல் பளபளத்தாலும் மாற்றிவிடும்படி பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

அடுத்து ஜாதி. பத்மினி பிறந்தபோது கட்டியவை நைலான் இழைகள் குறுக்கே ஓடும் பழைய வகை டயர்கள். பலர் பிறகு ரேடியலுக்கு மாறிவிட்டார்கள். டிக்கியில் மட்டும் பழையது கிடக்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் பழைய வகை என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி இழுக்கும். நான்கும் எதுவோ, ஐந்தாவதும் அதுவாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஜாக்கி. மழை தின்ற பழைய காரின் ஜாக்கி முட்டுமிடம் உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தால் கார் எழும்பாது. ஜாக்கி தகட்டுக்குள் புகுந்துவிடும். வீட்டு வாசலில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. நட்டுகளையும் அன்றே தளர்த்தி இறுக்க வேண்டும். குர்லாவில் பூட்டப்பட்ட டாட்ஜ், ப்ளைமவுத் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொடி: அந்தக் காலத்து வண்டிகளில் இடப்பக்க நட்டுகளுக்கு மரை தலைகீழ். வழக்கப்படி திருகினால் இன்னும் இறுகும். இருட்டில், மழையில், இதை அறியாமல் போல்ட்டை ஒடிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

காற்றை மாதம் ஒருமுறை பார்த்து, இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகவே வைத்திருக்கலாம். ஐந்து சக்கரங்களையும் முறை வைத்து மாற்றி ஓட்டினால் எந்த டயரும் டிக்கியிலேயே கிழடாகாது. மழைக்காலம் முடிந்ததும் ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தகட்டைத் துடைத்து உலர்த்தினால், டிக்கி பிழைக்கவில்லை என்ற குறையும் தீரும்.

சட்டமும் இப்போது பழைய கார்களை ஏறெடுத்துப் பார்க்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசை உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். பத்மினி என்ற பெயரோடு வந்த முதல் வண்டிகள் இப்போதுதான் இந்த வயதை எட்டுகின்றன. அவை இனி இன்னும் குறைவாக ஓடும். டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகமாகும். டிக்கியை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்கிற வீட்டில்தான் ஐந்தாவது சக்கரம் ஆபத்துக்கு உதவும்.