மூக்கும் மெழுகும்

எள்ளுப்பூ நாசி, கோவைச் செவ்வாய், பிறை நுதல் என்று நம் கவிகள் பெண்ணின் முகத்துக்கு ஓர் அளவுகோல் வைத்துவிட்டுப் போனார்கள். எந்தப் பெண் கண்ணாடிமுன் நின்றாலும் அந்த அளவுக்கு ஒரு நெல்லளவாவது குறைந்துதான் நிற்பாள். ஆணுக்கும் இந்த ஏக்கம் உண்டு. அவன் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அழகாக இருக்க ஆசைப்படுவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். முகத்தை வர்ணித்துப் பிழைக்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.

அந்த நெல்லளவுக் குறையை ஊசியால் நிரப்பப் பார்த்த கதை பழையது. 1899-ல் வியன்னா நகரத்து அறுவை வைத்தியர் கெர்சூனி, நோயால் உறுப்பு ஒன்றை இழந்தவருக்கு அந்த இடத்தை வாஸ்லைனைச் செலுத்தி நிரப்பினார். செய்தி பரவியது. பாரபின் மெழுகை உருக்கி முகத்தில் ஏற்றுகிறவர்கள் பல ஊர்களில் கிளம்பினார்கள். கிளாடிஸ் டீகன் என்று ஓர் அமெரிக்க அழகி. அவளைப் பார்த்து ஐரோப்பாவே பிரமித்திருந்த காலம் அது. ஆனால் கிரேக்கச் சிலைகளின் மூக்குத் தனக்கு வாய்க்கவில்லையே என்பது அவள் குறை. 1903-ல், இருபத்திரண்டாம் வயதில், மூக்குத்தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டாள். மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை. நாளடைவில் நழுவி மோவாய்ப் பக்கம் இறங்கிற்று. 1921-ல் அவள் மார்ல்பரோ பிரபுவின் மனைவியானாள். பிளெனிம் மாளிகையின் முகப்பு விதானத்தில் 1928-ல் அவளுடைய கண்களை ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள். மூக்குக் கெட்டாலும் கண் பிழைத்ததே என்று எனக்கு ஓர் ஆறுதல்.

இன்றைய 'ஃபில்லர்' மெழுகு அல்ல. பெரும்பாலும் அது ஹயலுரோனிக் அமிலம். 1934-ல் மேயர், பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் மூட்டுகளிலும்கூட இருப்பது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. அதைக் கூழாக்கித் தோலுக்கடியில் வைத்தால் பள்ளம் நிரம்பும். மாதக்கணக்கில் இருந்து மெல்லக் கரையும். வேண்டாமென்றால் ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தைச் செலுத்தி முன்னதாகவே கரைத்தும் விடலாம். பாம்பின் விஷத்திலும் இந்தப் பொருளில் ஒரு வகை உண்டு. விஷம் உடம்பில் பரவ அதுவே வழி திறக்கிறது. கடிக்கிற வாயில் இருப்பதே காக்கிற மருந்தாகவும் ஆகியிருக்கிறது.

என் தமக்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "மாமா, மூக்குத்தண்டைக் கொஞ்சம் எடுப்பாக்கிக்கொள்ளப் போகிறேன். பாதி விலைக்குப் போடுகிறார்கள். துணைக்கு வருகிறீர்களா?" என்றாள். போனேன். அழகு நிலையம் குளுகுளுவென்று இருந்தது. அங்கிருந்த அம்மாள் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ஒன்றும் ஆகாது சார். எத்தனையோ பேர் போட்டுக்கொள்கிறார்கள்."

"ஆனால்?" என்றேன்.

"ஆகாது சார்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கல்யாணப் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒரு தோல் வைத்தியரிடம் போனேன்.

அவர் ஒரு காகிதத்தில் முகம் வரைந்து ரத்தக் குழாய்களைக் காட்டினார். வீக்கமும் கன்றலும் சாதாரணம். சில நாளில் போய்விடும். ஊசிமுனை ரத்தக் குழாய்க்குள் இறங்கி, கூழ் அங்கே அடைத்துக்கொண்டால்தான் விபரீதம். அந்தப் பகுதித் தோல் வெளிறும், வலிக்கும், பிறகு வலை பின்னியதுபோல் நீலம் பாரிக்கும். கவனிக்காமல் விட்டால் சதை அழுகும். மூக்கு, புருவமத்தி, நெற்றிப் பகுதிகளின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அழுத்திச் செலுத்திய கூழ் ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து கண்ணுக்குள் பாய்ந்துவிட்டால் பார்வையே போகும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தமின்றி விழித்திரை தாங்குவது சுமார் ஒன்றரை மணி நேரம். தோலை மருந்து பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கண்ணுக்கு அந்த உறுதி இல்லை.

"ஊசி குத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவரைத் தேடுங்கள்" என்றார் அவர்.

பிறகு அவரே கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார். போடுகிறவர் வைத்தியரா, முகத்தின் குழாய்களைப் படித்தவரா? போடுவது என்ன மருந்து, உறை நம் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா? கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா? ஏனென்றால் சிலிகோன் போன்றவற்றை அந்த மருந்து கரைக்காது. இரவில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? நாமும் மறைக்கக் கூடாது: ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு போட்ட ஊசி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. 2013-ல் பிரிட்டனில் புரூஸ் கியோ தலைமையில் வந்த அறிக்கை, ஃபில்லர் போட்டுக்கொள்கிறவருக்கு ஒரு பேனாவோ பல் துலக்கும் பிரஷ்ஷோ வாங்குகிறவரைவிட அதிகப் பாதுகாப்பு இல்லை என்று அங்கலாய்த்தது. அழகுக்காக இதைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் போடக் கூடாதென்று இங்கிலாந்தில் சட்டம் அமலானது 2021-ல். ஊசியில்லாமல் வேகத்தால் மருந்தைத் தோலுக்குள் தள்ளும் 'பேனா'க்களை உபயோகிக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்ததும் அதே வருஷம்தான். மெழுகு உருக்கியவர்களின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை.

வைத்தியர் தம்மால் முடியாதென்று சொல்லவில்லை. மூக்கு ஆபத்தான இடம் என்றார்; செய்வதானால் சொட்டுச் சொட்டாக, நிதானமாக, கல்யாணத்துக்கு வெகு முன்னதாகச் செய்யவேண்டும் என்றார். பெண் வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எனக்குக் கண் வேண்டும் மாமா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளாகத் தீர்மானித்தது, அதில் என் பிரசங்கத்துக்கு இடமில்லை.

வேறொருத்தி எல்லாம் கேட்டறிந்த பிறகும் போட்டுக்கொள்ளலாம். அதுவும் அவள் உரிமை. புடவைக் கடையில் சாயம் போகுமா என்று நாலு முறை கேட்கிறோம். முகத்தை நீட்டுமுன் ஒரு முறையாவது கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் நம் முகத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.