காக்கை வளர்த்த குயில்

பல்லாவரத்தில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடிக்கு மேலே விமானங்கள் மிகவும் தாழப் பறக்கும். பேச்சை நிறுத்திக்கொண்டு, சத்தம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் மின்சார ரயில் நின்றது, விமானமும் நின்றது. அப்போதுதான் பின்பக்கத்து முருங்கையிலிருந்து குக்குறுவானின் 'டொக், டொக்' காதில் விழுந்தது. எத்தனை வருஷமாக அங்கே கத்திக்கொண்டிருந்ததோ!

அப்பாவுக்கு அதற்குச் சற்று முன்புதான் இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தொற்றுக்குப் பயந்து அவரை மாடி அறையில் தனியாக வைத்திருந்தோம். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நான் தள்ளி உட்காருவேன். அன்றைய சாவுக் கணக்கைத் தவிர வேறு பேச்சே இருக்காது. அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது.

சித்திரைப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்று அம்மா கேட்டாள். அப்பா மாடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தார். விடிந்ததும் பூ அள்ள வந்தவர், அண்ணாந்து பார்த்து வேப்பமரத்தில் காக்கைக் கூட்டைக் கண்டுபிடித்தார். குச்சிகளுக்கு நடுவே கட்டுக்கம்பியும் இருந்தது. அதன்பின் அவருடைய நாற்காலி அங்கிருந்து நகரவில்லை.

ஒரு மத்தியானம், "டேய், ஓடி வா, சீக்கிரம்!" என்று கூப்பிட்டார். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கருங்குயில் கூட்டருகே வந்து வம்பிழுக்க, காக்கைகள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு போக, புள்ளி போட்ட பழுப்புநிறப் பெட்டை சத்தமில்லாமல் கூட்டுக்குள் இறங்கியது. மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். மயிலாப்பூர்க்காரரான அந்த இயற்கையாளர்மேல் அப்பாவுக்குப் பெரிய மரியாதை.

கோடைமழை ஒன்று வேம்பை உலுக்கிப்போட்டது. காக்கை சிறகை விரித்தபடி முட்டைமேல் உட்கார்ந்தே இருந்தது. அப்பாவும் அறை வாசலில் நின்றே இருந்தார். மறுநாளிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே நடக்க ஆரம்பித்தார். அதுவரை நாங்கள் எத்தனை கெஞ்சியும் நடக்காதவர்!

மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் திரும்பின. ஜூன் 19-இல் சென்னையை மறுபடி முழுதாக அடைத்தபோது, குயில் குஞ்சு கிளையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. காக்கை அலுக்காமல் ஊட்டியது.

பிறகு ஒரு மார்கழியில் அப்பா போய்விட்டார். வீட்டை இடித்து அடுக்ககம் கட்டினார்கள். வேம்பு நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அந்த மரத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

காக்கை வளர்த்த குஞ்சுக்குக் குயில்பாட்டை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அப்பா ஓயாமல் கேட்பார். அடுத்த சித்திரையில் முதல் கூவலிலிருந்தே கவனிக்க வேண்டும் என்று, ஒரு கோடுபோட்ட நோட்டும் வாங்கிவரச் சொல்லியிருந்தார்.