அத்தோ வந்த வழி

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போகிறவர்களை முதலில் நிறுத்துவது பூண்டு எண்ணெய் வாசனை. வண்டிக் கடைகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். பக்கத்திலேயே பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, பொன்னிறமாக வறுத்தெடுத்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர் எல்லாம் இருக்கும். கடைக்காரர் இவற்றை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறுப்பான பலகாரத்தை நொறுக்கித் தூவி, பூண்டு எண்ணெய் ஊற்றி, கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். வேண்டுமென்றால் அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் வறுத்த வெங்காயத்தைத் திணித்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். இதுதான் அத்தோ.

இந்தச் சாப்பாடு இந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்று நான் தேடப் போனதற்குக் காரணம் என் மனைவியின் நாக்கு.

போன வருஷம் அவளுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என்று மாதங்கள் போயின. வலியையும் முடி உதிர்வதையும் எதிர்பார்த்திருந்தோம். ருசி போய்விடும் என்று எதிர்பார்க்கவில்லை. ரசம், தயிர்சாதம், அவளுக்கு உயிரான மாங்காய் ஊறுகாய் என்று எதைக் கொடுத்தாலும், “தகரத்தை நக்குற மாதிரி இருக்குங்க” என்பாள். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அந்த மருந்து தாக்குகிறது, நாக்கின் சுவை மொட்டுகளில் இருக்கும் செல்களும் அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை, அதனால் அவையும் அடிபடுகின்றன என்று மருத்துவர் விளக்கினார். சிகிச்சை முடிந்தால் ருசி பெரும்பாலும் திரும்பிவிடும் என்றும் சொன்னார். காரணம் புரிந்ததால் சாப்பாடு இறங்கிவிடவில்லை. அடுத்த தெருவில் சாம்பார் கொதித்தாலே பெருங்காயம் கூடியதைக் கண்டுபிடிக்கும் ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டு மருந்தைப் போலச் சோற்றை விழுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது கொடுமை.

சிகிச்சையெல்லாம் முடிந்து, இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சீரான பிறகு, வெளியே சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சனிக்கிழமை சாயங்காலங்களில் கிளம்ப ஆரம்பித்தோம். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் முங்கிய இட்லி, சவுகார்பேட்டை காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும், மயிலாப்பூர் ஜன்னல் கடையில் பஜ்ஜி. அவள் சாப்பிட்டது பெரும்பாலும் என் முகத்துக்காக. இனிப்பு லேசாகத் தெரிகிறது என்பாள், பிறகு பேச்சை மாற்றிவிடுவாள். ஆனாலும் போனோம். பல்லாவரத்தில் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் பீச் ஸ்டேஷன் என்பதால், ஒரு வாரம் அதுவரை போய்ப் பார்ப்போமே என்று போனதுதான் அத்தோ கடை. முதல் வாயை மென்றவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். “புளிப்பு தெரியுதுங்க. பூண்டும் தெரியுது.”

இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டே கடைக்கார அக்காவிடம் அவள்தான் கேட்டாள், “இது எந்த ஊரு சாப்பாடுக்கா?”

“எங்க ஆயா ரங்கூன்ல போட்டுக்கிட்டு இருந்ததும்மா. கப்பல்ல வர்றப்போ மிச்சமிருந்தது இந்தக் கைப்பக்குவம் ஒண்ணுதான்.”

பர்மாவில் இதற்கு நெருங்கிய உறவு இன்றும் இருக்கிறது. நூடுல்ஸை வறுத்த கடலை மாவு, பூண்டு எண்ணெய், வெங்காயம், புளியோ எலுமிச்சையோ சேர்த்துக் கையால் பிசையும் ‘கவுஸ்வே தோ’. பிசைந்து உண்ணும் பண்டங்கள் அங்கே ஏராளம். தேயிலையைப் பிசைகிறார்கள், இஞ்சியைப் பிசைகிறார்கள், நம் சமோசாவையும் பிய்த்துப் போட்டுப் பிசைகிறார்கள். அந்தச் சமோசாவைப் பார்த்ததும் என் தேடல் திரும்பிவிட்டது. அது அங்கே எப்படிப் போனது? பர்மாவிலிருந்து சென்னைக்கு வந்ததைத் தேடுவதற்கு முன்னால், இங்கிருந்து அங்கே போனதைத் தேட வேண்டியிருந்தது.

1852 போரில் கீழ்ப் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் 1885-இல் மிச்சத்தையும் பிடித்து, 1886-இல் நாட்டையே இந்தியாவோடு சேர்த்தார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. சதுப்பு நிலத்தை வயலாக்கப் பணமும் ஆளும் தேவைப்பட்டன. பணத்தை நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுபோனார்கள். ஆட்கள் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். நம் தோசையும் பரோட்டாவும் அந்தத் தெருக்களில் குடியேறி, இன்றுவரை பர்மியர்களின் சிற்றுண்டியாக இருக்கின்றன.

அந்த வாழ்க்கை நிம்மதியாக மட்டும் இருக்கவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார்களின் நிலம், 1938-இல் இருபத்தைந்து பங்கானது. நிலம் இழந்தவர்களின் கோபம் வளர்ந்தது. அத்தோவின் கதையில் இந்தப் பகுதியையும் சொல்லியே ஆக வேண்டும். பிற்காலத்தில் சாமான்யத் தமிழர்கள் பட்ட துன்பத்துக்கு இதுவும் ஒரு வேர்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காத பெருங்கூட்டம் காடும் மலையும் ஏறி நடந்தே வந்தது. பசியாலும் மலேரியாவாலும் காலராவாலும் வழியில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா, ரங்கூனிலிருந்து ‘ஜோதி’ இதழை நடத்திய தமிழறிஞர். அவர் எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ நூலைத் தேடிப் படித்தேன். அவரோடு அவர் மனைவி மங்களமும் அந்த வழியை நடந்து கடந்திருக்கிறார். சாயங்காலங்களில் நான் படிக்க, என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் நிறுத்தச் சொன்னாள். “நடந்ததை மட்டும் படிக்காதீங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு வர்ற இடத்தையெல்லாம் தேடிப் படிங்க” என்றாள். நோயில் கிடந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். அதற்குப் பிறகு நான் வரலாற்றைப் படித்த முறையே மாறிவிட்டது.

அத்தோவைச் சென்னைக்குக் கொண்டுவந்தது அடுத்த வெளியேற்றம். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. அந்த ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கடையும் போய், பெட்டியில் வைத்திருந்த பணமும் காகிதமானது. தொடர்ந்த ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் பெருங்கூட்டம். பலரும் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். அவர்களுக்குப் பிழைப்புக்கென்று துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் 1969-இல் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டில், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுக்க ரெப்கோ வங்கியும் சென்னையில் தொடங்கப்பட்டது. அவர்கள் கரையிறங்கிய துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இன்றும் அத்தோ பிசைகிறார்கள்.

கடைக்கார அக்கா சொல்லித்தான் வியாசர்பாடிக்குப் போனோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கூட்டமாகக் குடியேறிய பகுதிகளில் அது ஒன்று. அங்கே பீலிக்கான் முனீஸ்வரருக்கு அவர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. பீலிக்கான் பர்மாவில் இருக்கும் ஊர். அந்த ஊர்ச் சாமியையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார். பாவாடை சட்டைப் பருவத்தில் கப்பலில் வந்தவர்.

“அப்பாவுக்கு அங்க துணிக்கடை. ஒருநாள் காலையில போனா, கடைக்கு வேற பூட்டு. இங்க வந்து ரொம்ப நாளைக்கு அவரு யார்கிட்டயும் பேசல. அம்மாதான் ஒரு குண்டான்ல மொய்ங்கா காய்ச்சி, வாங்க, தூக்கிக்கிட்டுப் போகலாம்னு அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போச்சு. அவரு குண்டானைத் தூக்குவாரு, அம்மா ஊத்திக் குடுக்கும். முதல்ல வாங்கிச் சாப்பிட்டதெல்லாம் நம்ம பர்மாக்காரங்கதான்.”

பர்மாவின் காலை உணவு மொய்ங்கா. கெளுத்தி மீனை வேகவைத்து மசித்து, எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு, கடலை மாவு சேர்த்துக் கொதிக்கவிட்டு, அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றுவது. சென்னைக் கடைகள் பலவற்றில் அத்தோவோடு தரும் வாழைத்தண்டு சூப்பில் மீன் கிடையாது. ஏன் என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

“இங்க வாங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு கறி மீன் சாப்பிடாதவங்க. மீன் வாசனை வந்தா வண்டிகிட்டயே வரமாட்டாங்க. மீனை எடுத்துட்டோம், தண்டு நின்னுடுச்சு. காலையில விக்கிறதையும் சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரத்துக்கு மாத்திக்கிட்டோம். பேஜோ மட்டும் மாத்தல. அது நம்ம பருப்பு வடைக்குச் சொந்தக்காரப் புள்ளதானே.”

நான் தேடிப்போன தோற்றம் அந்தத் திண்ணையில் எனக்குக் கிடைத்தது. அத்தோவை ஒருவர் ஒருநாளில் உருவாக்கவில்லை. ரங்கூன் தெருவின் பக்குவம், கையில் காசில்லாத ஒரு கூட்டம், அத்தோ வண்டிகள் நிற்கும் பாரிமுனைப் பகுதி வாடிக்கையாளர்களின் நாக்கு மூன்றும் சேர்ந்து அதைச் செய்திருக்கின்றன. பர்மாவிலிருந்து வெளியேறியவர்கள் எங்கெல்லாம் போனார்களோ அங்கெல்லாம் இது நடந்திருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய கவுஸ்வேயை மேமன் குடும்பங்கள் கராச்சி வரை கொண்டுபோய்த் தங்கள் விருந்தாக்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் வேர்பிடிக்க முடியாமல் தரைவழியாக மறுபடியும் பர்மாவுக்கே கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் மணிப்பூரின் மொரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, இட்லியும் தோசையும் சுட்டுப் பிழைத்தார்கள்.

புறப்படும்போது பெரியம்மா என் மனைவியின் தலையைத் தடவி, “என்னம்மா முடி இவ்ளோ கட்டையா இருக்கு?” என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். பெரியம்மா பரிதாபப்படவில்லை. உள்ளே போய்ப் பூண்டு எண்ணெய் ஒரு பாட்டிலில் ஊற்றிவந்து, சோற்றில் எவ்வளவு விட வேண்டும், பூண்டை எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். “கருக விட்டுடாதே, கசந்துடும். வாரத்துக்கு ஒருதரம் அவரோட வெளிய போ. எங்கம்மா அப்பாவை அப்படித்தான் பேச வெச்சுச்சு.”

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம். ருசி முழுதாகத் திரும்பிவிட்டது. சூப்பில் மிளகு போதாது என்று கடைக்காரர்களிடம் அவள் சண்டைக்கு நிற்கும் நாட்களும் வந்துவிட்டன. எந்தக் கடைக்குப் போனாலும், இது யார் வீட்டு அடுப்பிலிருந்து எதனால் கிளம்பி வந்தது என்று கேட்காமல் நாங்கள் எழுவதில்லை. பதில் சொல்ல மறுத்தவர் யாருமில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் பல கதைகள் வண்டிக்குப் பின்னாலேயே நின்றுவிடுகின்றன.

உடம்பு முழுதாகத் தேறட்டும், கடன் அடையட்டும், மனசு சரியாகட்டும், அப்புறம் இரண்டு பேருமாக எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. நாங்களும் அப்படி இருந்திருப்போம். ருசி தெரியாத நாக்கோடு அவள் என்னோடு கிளம்பி வந்ததால்தான் புளிப்பு தெரிந்த அந்த நாள் எங்களுக்கு வந்தது. துணிக்கடையை இழந்த மனிதரின் மனைவியும் காலம் சீராகட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர் காத்திருந்திருந்தால், அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான பெண்களும் ஆண்களும் காத்திருந்திருந்தால், சென்னைக்கு அத்தோ கிடைத்திருக்காது. ஆகவே கஷ்டத்தில் இருக்கும் தம்பதிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த வாரமே கிளம்புங்கள்.