கடலைத் தேடி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். பெயரை நம்பிக் காமிராவும் கையுமாக ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சவுக்குத் தோப்பும் மதில் சுவரும்தான் தரிசனம். கடல் வேண்டுமென்றால் இறங்கி, இடது கைப்பக்கம் போக வேண்டும்.

கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் இடித்தது போக மிஞ்சிய செங்கல் சுவர், அதையடுத்து உப்பங்கழி, அப்பால் மணல் திட்டும் கடலும். காலையில் போனால் சூரியன் எதிரே நின்று கண்ணைக் குத்தும். படத்தில் சுவர் வெறும் கறுப்பாக விழும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் முதுகுப்புறம் வந்துவிடும். செங்கல் சிவந்து நிற்கும்.

மரக்காணம் உப்பளத்துக்கு மட்டும் விடியற்காலையே சரி. பாத்தி ஒவ்வொன்றிலும் ஒரு வானம்! ஆனால் வேலையும் அந்த நேரத்தில்தான். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டுமே. போன சித்திரையில் என்னோடு வந்த நண்பர் வரப்பில் மண்டியிட்டு, கூடை சுமந்து வந்த ஓர் அம்மாளை, "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றார். நின்றாள். இவர் லென்ஸைத் திருகினார், திருகினார், திருகிக்கொண்டே இருந்தார்.

"தலையிலே பாரம் இருக்குதுங்க."

நண்பர் காமிராவை இறக்கிவிட்டார். அவள் போய்க் கொட்டிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பி வந்தாள்.

"எடுத்தீங்களா? எங்கே, காட்டுங்க" என்றாள்.