மொஸ்கோவுக்குப் போகாத ஆறுமுகம்

மட்டக்களப்பின் ஆரையம்பதிக் கடற்கரையிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்குச் சாய்வாகக் கோடு போட்டால் வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சுமாத்ரா வரும். அதற்கு அப்பால் போர்ட் கிள்ளான். அந்தத் துறைமுக ஊரில் 1953இல் பிறந்த ஆர். ஆறுமுகம், மலேசிய உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மொஸ்கோவில் தொடங்கி மொஸ்கோவிலேயே முடிக்கிறார்கள். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா போட்டியைப் புறக்கணித்தது. 2016இல் வந்த ‘ஓலா போலா’ படம் இந்தக் கதையைத் தழுவியதுதான். தமிழர் ஆறுமுகம், சீனர் சோ சின் ஆன், சீக்கியர் சந்தோக் சிங்: தேசிய ஒற்றுமைக்குச் சுவரொட்டி அடிக்க இதைவிட வசதியான அணி கிடைக்காது. எனக்கோ இதில் சலிப்புத்தான். ஒருவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் அவர் ஏறாத விமானத்துக்குள் அடைத்துவிட்டார்கள்.

சிறிய நாட்டு ஆட்டக்காரரை அந்த நாடு எட்டிய போட்டிகளை வைத்து அளப்பது அநியாயம். எத்தனை காலம் அவரை விடாமல் தெரிவு செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் நெவில் சவுத்தோல் குப்பை அள்ளும் வேலை பார்த்தவர். பிறகு எவர்ட்டன் கழகத்தோடு 1985, 1987 ஆண்டுகளில் இங்கிலாந்து லீக்கை வென்றார். வேல்ஸுக்காக 92 தடவை கோலுக்குள் நின்றார். உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலோ ஐரோப்பியக் கிண்ண இறுதிச் சுற்றிலோ ஒரு தடவைகூட ஆடக் கிடைக்கவில்லை. அதற்காக அவரைக் குறைத்துப் பேசும் வேல்ஸ்காரர் அரிது. காப்பாளருக்கு இந்த அளவுகோல் இன்னும் பொருந்தும். முன்வரிசையில் இரண்டு மூன்று பேருக்கு இடமிருக்கும். கோலுக்குள் ஒருவர்தான், மற்றவர் வாங்கில் காத்திருப்பார். எழுபதுகளில் அந்த இடத்தைப் பிடித்த ஆறுமுகம் எண்பதுகளிலும் அதை விடவில்லை. 1977, 1979 தென்கிழக்காசியப் போட்டிகளில் தங்கம் வென்றது அந்தத் தலைமுறை. உள்ளூரில் அவருடைய அணி செலாங்கூர். 1975 முதல் 1981 வரை நடந்த ஏழு மலேசியக் கிண்ண இறுதியாட்டங்களில் ஆறில் செலாங்கூரும் சிங்கப்பூரும்தான் மோதின. ஐந்தில் செலாங்கூர் வென்றது. மொஸ்கோக் கதையில் இதற்கு இடமே இல்லை.

உலகின் தலைசிறந்தவர்கள் அடித்த பந்தைத் தடுக்காதவரை எப்படி மதிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சவுத்தோலுக்கு வாராவாரம் இங்கிலாந்தில் சோதனை நடந்தது. ஆறுமுகத்துக்கு அது வாய்க்கவில்லை. மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக்கே 1989இல்தான் தொடங்கியது; 1988 டிசம்பரில் கார் விபத்தொன்றில், 35 வயதில், அவர் இறந்துவிட்டார். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அவர் சோதிக்கப்படவே இல்லை என்பது வேறு பேச்சு. மலேசியா விட்ட இடத்தில் மொஸ்கோவுக்குப் போனது ஈராக். அது கொஸ்டாரிக்காவை வென்றது, பின்லாந்தோடும் யூகோஸ்லாவியாவோடும் சமநிலை கண்டது, காலிறுதியில்தான் கிழக்கு ஜேர்மனியிடம் தோற்றது. மலேசியாவும் அப்படி ஆடியிருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆசிய உதைபந்தாட்டம் அன்று எந்தத் தரத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் இது போதும். அந்த ஆசியாவுக்குள்தான் தென்கொரியாவை வென்றார்கள். வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மறுமுனையில் ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டவரை மொஸ்கோவுக்காகப் பரிதாபப்படும்போதுதான் நினைக்கிறார்கள்.

நம் இலங்கை ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குக்கூடப் போனதில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்ததே நமக்குப் பெரிய காரியம். உலகக் கிண்ணத்தை முழக்கோலாகப் பிடித்தால், மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் உதைபந்தாடும் ஒருவரைப் பற்றியும் ஒரு வரி எழுத முடியாது. கிரிக்கெட்காரர்களைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.